விடியா முனை குப்பைச் சங்கத்தைக் காப்பாற்றுமா? மண்டபம் பக்கத்திலிருந்து சில குறிப்புகள்

தொண்டி வாசகர் ஒருவர் கேட்டது:
"குப்பை பொறுக்குகிறவர்களுக்குக் கூட்டுறவு என்று ஆரம்பித்தால் இரண்டு வருடம் தாங்காது. பாட்டில் விலை விழுந்தால் சங்கமும் விழும். விலை உயர்ந்த சரக்கு ஏதாவது கையில் இருந்தால்தான் பிழைக்கும். கோயம்புத்தூர் பக்கம் லேசர் வைத்து உலோகமும் பீங்கானும் கலந்த பூச்சு போடுகிறார்கள். லேத்தில் இரும்பை வெட்டுகிற பழைய கார்பைடு முனை, விடியா என்று சொல்வார்களே, அதற்கு நல்ல விலை என்கிறார்கள். கடற்கரையில் பாட்டில் பொறுக்குவதை விட்டுவிட்டு அதைச் சேகரித்தால் என்ன?"

ஜூன் 3, 2025

பாதி சரி, பாதி தப்பு. நான்கு வருடமாக மண்டபம் பக்கம் பதினேழு பெண்கள் சேர்ந்த ஒரு குப்பை சேகரிப்புக் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறேன். இன்னும் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவாகவில்லை, அதற்கு முந்தின படியில் நிற்கிறோம். அந்தக் கணக்கு நோட்டை வைத்துத்தான் பேசுகிறேன்.

பாட்டில் விலை விழுந்தால் குழு ஆடும் என்பது உண்மை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் காலியாக 20 கிராம் இருந்தால் அதிகம். ஒரு கிலோ சேர ஐம்பது பாட்டில். தனுஷ்கோடி ரோட்டில் ஐம்பது தடவை குனிந்து நிமிர்ந்தால் ஒரு கிலோ. அந்தக் கிலோவுக்கு என்ன விலை என்பது குனிந்தவர் கையில் இல்லை, காயலான் கடைக்காரர் கையிலும் இல்லை. 2008 கடைசியில் உலகம் முழுக்கப் பழைய சரக்கு விலை சரிந்தது. 2018இல் சீனா வெளிநாட்டுக் கழிவு வாங்குவதை நிறுத்தியபோது மறுபடி ஒரு அடி. 2020இல் கச்சா எண்ணெய் விழுந்ததும் புதுப் பிளாஸ்டிக் குருணையே மலிவாகிவிட்டது, பழையதை யார் கேட்பார்கள்?

விலை உயர்ந்த சரக்கு இருந்தால் பிழைக்கும் என்பதில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை. அதுவும் சந்தை விலைதானே. பாட்டிலை எண்ணெய் ஆட்டுகிறது, கார்பைடை வேறு ஏதோ ஒன்று ஆட்டும்.

ஜூன் 5

புனேயைச் சொல்லாமல் இந்தப் பேச்சை நடத்த முடியாது. 1993இல் அங்கே காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்து என்று ஒரு தொழிற்சங்கம் தொடங்கினார்கள். காகிதம், கண்ணாடி, தகரம் பொறுக்கும் உழைப்பாளிகள் என்று பேரிலேயே இருக்கிறது. அதிலிருந்து 2007இல் ஸ்வச் என்ற கூட்டுறவு பிறந்தது, அடுத்த வருடம் மாநகராட்சியோடு ஒப்பந்தம். வீட்டு வாசலில் தரம் பிரித்த குப்பையை வாங்கிக்கொள்ள மாதக் கட்டணம். அது நேராக வாங்குகிறவர் கைக்குப் போகிறது. குப்பையில் விற்கிற மாதிரி ஏதாவது இருந்தால் அந்தக் காசும் அவருக்கே.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், பாட்டில் விலை விழுகிற மாதத்திலும் வாசல் கட்டணம் விழாது. சேவைக்கு ஒரு கூலி, பொருளுக்கு ஒரு விலை. இரண்டு கால். நம் கடற்கரையில் பெரும்பாலும் ஒற்றைக் காலில் நிற்கிறோம். கடற்கரையைச் சுத்தம் செய்கிறோம், ஆனால் சுத்தம் செய்ததற்கு யாரும் தருவதில்லை, பொறுக்கியதை விற்றால்தான் காசு. காசு வராத பொருளையும் எடுத்துத்தான் ஆக வேண்டும், விட்டால் கடலுக்குப் போய்விடும் என்று எங்கள் பெண்கள் எடுக்கிறார்கள். அந்த எடைக்கு நோட்டில் தனிப் பத்தி வைத்திருக்கிறேன். அந்தப் பத்தியில் எடை ஏறும், ரூபாய் எப்போதும் காலி.

ஜூன் 5, இரவு

புனேயை ரொம்பத் தூக்கிப் பேசிவிட்டேனோ என்று தோன்றுகிறது. அங்கேயும் 2020 கடைசியில் ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகு கொஞ்ச கொஞ்ச மாதமாக நீட்டித்துத்தான் ஓட்டினார்கள். அவ்வளவு பெரிய அமைப்புக்கே ஒரு கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே இரண்டு கால் என்றாலும் ஒரு கால் உள்ளாட்சியின் மேசையில் இருக்கிறது. இதையும் சேர்த்துப் படியுங்கள்.

ஜூன் 6

"இங்கே எந்த வீட்டுக்காரர் மாதக் காசு கொடுப்பார்?" என்று கேட்கிறார்கள். கொடுக்கிற தெரு உண்டு. ஒரே ஆள், ஒரே நேரத்துக்கு, மழையானாலும் போனால் கொடுக்கிறார்கள். ஆள் மாறினால் நிறுத்திவிடுகிறார்கள். எங்கள் நோட்டில் அது அப்பட்டமாகத் தெரிகிறது.

ஜூன் 9

விடியா எங்கள் கைக்கு வந்த கதை.

ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் குளிக்கிறவர்களில் நிறையப் பேர் உடுத்திய துணியை அங்கேயே விட்டுப் போகிறார்கள். அமாவாசை என்றால் குவியல் குவியலாகச் சேரும். அதில் பருத்தி வேட்டி, துண்டு மட்டும் பிரித்து, உப்புப் போக அலசிக் காயவைத்து, கிழித்து, பட்டறைகளுக்குத் துடைக்கிற துணியாகக் கொடுக்கிறோம். பாலியெஸ்டர் எண்ணெயைப் பருத்தி மாதிரி உறிஞ்சாது, பட்டறைக்காரர் தொட்டவுடனே திருப்பிவிடுவார். அப்படித் துணி கொடுக்கப் போன ஒரு லேத் பட்டறையில், தரையைக் கூட்டி அள்ளிய இரும்புச் சுருளையும் எங்களையே எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

குழுவில் மூத்த அக்கா அந்தச் சுருளுக்குள் கையைவிட்டு ஒரு சின்ன முக்கோணத் துண்டை எடுத்தார். கட்டைவிரல் நகம் அளவு. நடுவில் ஒரு ஓட்டை, ஒரு முனை உடைந்திருந்தது, மேலே தங்க முலாம் மாதிரி மஞ்சள். உள்ளங்கையில் இரண்டு தடவை துள்ளவிட்டுப் பார்த்தார். "இது இரும்பு இல்லடி, இம்புட்டுத் துண்டுக்கு இரும்பு இவ்வளவு கனக்காது" என்றார். ஒட்டுக் காந்தம் கொண்டு பார்த்தோம், ஒட்டவில்லை. கீழக்கரையில் எங்களுக்குப் பழக்கமான காயலான் கடைக் காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) பார்த்ததும் தனியாக ஒரு டப்பாவில் போட்டார். "விடியா இது. இரும்போட போட்டு நட்டப்படாதீங்க, சேத்து வையுங்க" என்றார். அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இரும்பு விலைக்கே கொடுத்துவிட்டு வந்திருப்போம். அவருக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

விடியா என்பது ஜெர்மன் கம்பெனிப் பெயர், 'வைரம் போல' என்ற சொற்களைச் சுருக்கி வைத்தது. பல்புக்கான டங்ஸ்டன் கம்பியை இழுக்க வைர அச்சு தேவைப்பட்டது. அதற்கு மாற்றுத் தேடப்போய் 1923இல் கார்ல் ஷ்ரோட்டர் இந்தக் கலவைக்கு வழி கண்டார். டங்ஸ்டன் கார்பைடு என்ற பீங்கான் வகைக் குருணைகள், அவற்றைப் பிடித்துக்கொள்ள நூற்றுக்கு ஐந்தாறிலிருந்து பத்துப் பதினைந்து பங்கு வரை கோபால்ட். குருணை வெட்டும், கோபால்ட் உடையாமல் தாங்கும். ஒரு கன சென்டிமீட்டர் எஃகு 8 கிராம்கூட வராது, இது ஏறக்குறைய 15 கிராம். தீப்பெட்டி அளவு கட்டி இருந்தால் கால் கிலோவுக்கு மேல் நிற்கும். அக்காவின் உள்ளங்கை தராசு இல்லாமலே சரியாகச் சொன்னது.

ஜூன் 15

நேற்றோடு 61 நாள் தடைக்காலம் முடிந்தது. விசைப்படகுகள் கிளம்பிவிட்டன. கரையில் கிடப்பது முழுக்க வலை வெட்டு, கயிறு, ஆயில் டப்பா, உடைந்த தெர்மாகோல் பெட்டி. இரண்டு நாள் இதற்கே சரியாகப் போகும்.

ஒரு திருத்தம். காந்தம் ஒட்டவில்லை என்று எழுதியிருந்தேன். கோயம்புத்தூரில் இருக்கும் அண்ணன் மகன் படித்துவிட்டுப் போன் செய்தான். "அத்தை, கோபால்ட் இருந்தா காந்தம் லேசா இழுக்கும். உங்க காந்தம் பழசு." நல்ல காந்தம் வாங்கிப் பார்த்தேன், இழுக்கிறது. எஃகு மாதிரி 'டக்' என்று ஓடி ஒட்டாது, மெதுவாகச் சாய்ந்து வரும். நிக்கல் வைத்துக் கட்டிய வகையில் அந்த இழுப்பே இல்லாமல் போகலாம். ஆகவே கனத்தையும் காந்தத்தையும் சேர்த்துப் பாருங்கள், ஒன்றை மட்டும் நம்பாதீர்கள்.

ஜூலை 4

கோயம்புத்தூர் போய்வந்தேன். அண்ணன் மகன் வேலை செய்யும் பட்டறையில் லேசர் பூச்சு போடுவதை நேரில் பார்த்தேன். தொண்டிக்காரர் கேட்ட கேள்வியின் மறுபாதிக்கு இப்போதுதான் பதில் சொல்ல முடிகிறது.

மணல் கலந்த தண்ணீரை இறைத்து இறைத்துத் தேய்ந்துபோன பம்ப் தண்டு ஒன்று. தேய்ந்த இடத்தைக் கடைந்து சமமாக்கி, லேத் மாதிரி ஒரு மேடையில் மாட்டிச் சுழல விட்டிருந்தார்கள். மேலே ஒரு கூம்பு மூக்கு. அதன் நடுவில் லேசர், சுற்றிலும் ஆர்கான் வாயு. அந்த வாயுவோடு சாம்பல் நிறப் பொடி இறங்குகிறது. பொடியில் நிக்கல் கலவையும் டங்ஸ்டன் கார்பைடு குருணையும். லேசர் கண்ணுக்குத் தெரியாது, அகச்சிவப்பு. தெரிவது உருகுகிற புள்ளியின் வெளிச்சம்தான். கண்ணாடி மாட்டாமல் கிட்டே விடவில்லை. மிளகு அளவு குளம் ஒன்று தண்டின் மேல் உருகி, தண்டு சுழலச் சுழல பின்னாலேயே உறைந்துகொண்டு போகிறது. ஒரு வரிக்குப் பக்கத்தில் பாதி மேலேறி அடுத்த வரி. எங்கள் ஊரில் ஓலைப்பெட்டி முடைகிறவர்கள் ஓலையைப் பாதி பாதி ஏற்றி முடைவது ஞாபகம் வந்தது.

முடித்து நிறுத்திய பிறகுதான் முக்கியமான விஷயம். தண்டு ஆறும்போது 'டிக்... டிக்' என்று சத்தம். அண்ணன் மகன் முகம் வாடிவிட்டது. "வெடிக்குது அத்தை."

ஆறிய பின் சிவப்புச் சாயம் தெளித்துத் துடைத்து, மேலே வெள்ளை மாவு மாதிரி ஒன்றை அடித்தார்கள். இரண்டு நிமிடத்தில் வெள்ளையில் சிவப்பு மயிரிழைகள் எழுந்தன. ஏழோ எட்டோ. கையால் தடவினால் ஒன்றும் தெரியவில்லை, அவ்வளவு வழவழப்பு.

ஜூலை 5

ஏன் வெடித்தது என்று அவன் பஸ் ஸ்டாண்டு வரை சொல்லிக்கொண்டே வந்தான். எனக்குப் புரிந்த வரை எழுதுகிறேன்.

நிக்கல் ஒவ்வொரு டிகிரிக்கும் பத்து லட்சத்தில் 13 பங்கு சுருங்குகிறது, டங்ஸ்டன் கார்பைடு 5 பங்குதான். ஆறும்போது நிக்கல் இழுக்கிறது, கார்பைடு அசைய மறுக்கிறது. லேசர் குளம் விநாடிக்கு ஆயிரக்கணக்கான டிகிரி வேகத்தில் ஆறுவதால் இரண்டும் சமாதானமாக நேரமே கிடைப்பதில்லை. தண்டை முன்கூட்டியே சூடேற்றி, முடித்ததும் சூடு தாங்கும் போர்வையில் சுற்றி மெதுவாக ஆறவிட்டால் விரிசல் குறையும். அன்றைக்கு அவசர வேலை, முன்சூடு போதவில்லையாம்.

அடுத்தது கனம். கார்பைடு தண்ணீரைப் போல் 15.6 மடங்கு, நிக்கல் 8.9 மடங்கு. குளம் கொஞ்சம் நேரம் கூடுதலாக உருகி நின்றால் குருணை அடியில் தங்கிவிடும். மேல்தளம் வெறும் நிக்கலாகி, எங்கே தேய்மானம் வருமோ அங்கே காவல் இருக்காது. டைட்டானியம் கார்பைடு போட்டால் நேர்மாறு, அது 4.9 தான், மிதந்து மேலே வரும். சூடு கூடினால் குருணையின் ஓரம் நிக்கலில் கரைந்து, எளிதில் நொறுங்குகிற வேறு சேர்மங்களாக மாறும். சூடு குறைந்தால் பொடி முழுக்க உருகாமல் துளை விழும். இதற்கு நடுவில் ஒரு ஒற்றையடிப் பாதை. அந்தப் பாதையைக் கண்டுபிடிப்பதுதான் தொழில். ஹைதராபாத்தில் ஏ.ஆர்.சி.ஐ., இந்தூரில் ராஜா ராமண்ணா மையம் மாதிரி அரசு ஆய்வகங்களிலும் லேசர் பூச்சு வேலை நடக்கிறது.

ஆர்க் வெல்டிங் இருக்கும்போது லேசர் எதற்கு? வெல்டிங்கில் அடி உலோகமும் நிறைய உருகிக் கலந்துவிடும், தண்டும் கோணும். லேசரில் கலப்பு சில சதவீதத்தோடு நின்றுவிடுகிறது. கழித்துப் போட வேண்டிய தண்டு மறுபடி வேலைக்குப் போகிறது. பழையதைத் தூக்கி எறியாமல் தேய்ந்த இடத்தில் மட்டும் அரை மில்லியோ ஒரு மில்லியோ ஏற்றுகிறார்கள் என்பது எனக்கு மனசுக்கு ரொம்பப் பிடித்தது.

ஜூலை 6

"நம் படகுத் தண்டுக்குப் போடலாமா?" என்று பாம்பனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். அண்ணன் மகனிடம் கேட்டேன். உப்புத் தண்ணீரில் கோபால்ட் அரிக்கும், நிக்கல் கலவை அதைவிடத் தாங்கும், ஆனால் மயிரிழை விரிசல் இருந்தால் உப்புத் தண்ணீர் அதன் வழியாக அடித்தண்டுக்கே இறங்கிவிடும் என்றான். ஆகவே சாயச் சோதனை பார்க்காமல் வாங்காதீர்கள்.

ஜூலை 12

அவசரமாக ஒரு எச்சரிக்கை. ஜூன் குறிப்பைப் படித்துவிட்டு ஒருவர், சாணைக்கல்லில் உரசிப் பார்த்தால் விடியாவின் பொறி குட்டையாக, மங்கிய ஆரஞ்சு நிறத்தில் வரும், எஃகுப் பொறி நீளமாகச் சிதறும் என்று எழுதியிருக்கிறார். அடையாளம் சரிதான். ஆனால் செய்யாதீர்கள். அந்தத் தூசியில் கோபால்ட்டும் கார்பைடும் இருக்கின்றன. மூச்சில் போனால் நுரையீரல் இறுகும், அதற்கென்றே ஒரு நோய் உண்டு. பித்தளை வைத்துப் பற்றவைத்த முனையை அடுப்பில் காட்டிக் கழற்றுவதும் வேண்டாம். தண்டோடு சேர்த்தே விற்கலாம், கொஞ்சம் காசு குறையும், அவ்வளவுதான். எங்கள் கொட்டகையில் ஒரு பிள்ளை நான் இல்லாத நேரத்தில் உரசிப் பார்த்திருக்கிறது. வலைக்குண்டு ஈயத்தை வீட்டு அடுப்பில் உருக்கக் கூடாது என்று எவ்வளவோ சொல்லி நிறுத்தி வைத்திருந்தேன், இதைச் சொல்ல மறந்தது என் தப்பு.

ஜூலை 26

ஆடி அமாவாசை முடிந்து இரண்டு நாள். கை ஓய்ந்துவிட்டது.

இந்தத் துணி விஷயத்தில் ஒன்று எழுத வேண்டும். திதி கொடுத்துவிட்டு விட்ட துணியைத் தொடலாமா என்று குழுவில் இரண்டு பேருக்குத் தயக்கம் இருந்தது. அதை நான் குறைவாக நினைக்கவில்லை. மூத்த அக்கா ஒரு வழி வைத்தார். முதல் அலசலைக் கடல் தண்ணீரிலேயே போட்டு, ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அப்புறம் நல்ல தண்ணீர். அதற்குப் பிறகு யாரும் தயங்கவில்லை. ஒரு சங்கம் நிற்பதற்கு இந்த மாதிரி உள்ளே முளைக்கிற நடைமுறைகளும் வேண்டும். சின்னப்பாலத்தில் கடற்பாசி எடுக்கும் பெண்கள் மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது என்று தாங்களாகவே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அந்த ஊர் லட்சுமி மூர்த்திக்கு 2015இல், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீக்காலஜி பரிசு கிடைத்தது. நமக்குப் புனே வரை போக வேண்டியதில்லை, பக்கத்திலேயே பார்த்துப் படிக்கலாம்.

ஆகஸ்ட் 11

வலையைப் பற்றி நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். பிரிக்க ஒரு வாளி தண்ணீர் போதும். வெட்டுத் துண்டைப் போட்டு, கையால் அமுக்கிக் காற்றுக் குமிழி போக்கி விடுங்கள். தங்கூசி நைலான் மூழ்கும். இழுவை வலையின் பாலிஎத்திலீனும் பிபி (பாலிப்ரொப்பிலீன்) கயிறும் மிதக்கும். நைலானின் அடர்த்தி 1.14, பாலிஎத்திலீன் 0.95. கடல் தண்ணீரே போதும், நடுவில் நிற்கிறது. பிரித்து, மணல் உதறி, காயவைத்துக் கொடுத்தால் ஒரு விலை, ஈரமும் மணலுமாகக் கொடுத்தால் கடைக்காரர் எடையில் கழிப்பார். வேலை எல்லாம் இந்தப் பிரிப்பில்தான் இருக்கிறது.

இதையே யோசித்துக்கொண்டிருந்தபோது தோன்றியது. எங்களுக்குக் காசு தராத சரக்கு எது என்று பார்த்தால், எல்லாம் ஒட்டவைத்த சரக்கு. ஷாம்பு பாக்கெட், சிப்ஸ் கவர் மாதிரி அடுக்கடுக்காக ஒட்டியது. கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த பழைய ஃபைபர் படகு. அடுக்குக் கவர் மிஞ்சினால் சிமென்ட் சூளைக்கு எரிபொருளாகப் போகும். ஃபைபர் படகை யாரும் கேட்பதே இல்லை, கரையில் கவிழ்ந்து வெயிலில் பொடிந்துகொண்டு கிடக்கிறது. அக்கா கனத்தை வைத்துக் கண்டுபிடித்த விடியாவும் ஒட்டவைத்த சரக்குதான், பீங்கானும் உலோகமும். அதற்கு மட்டும் ஏன் விலை?

பிரிக்க வழி இருக்கிறது, அதுதான். 900 டிகிரி அளவில் உருகிய துத்தநாகத்தில் போட்டால், துத்தநாகம் கோபால்ட்டுக்குள் ஊறி, துண்டு உப்பிக் கடற்பஞ்சு மாதிரி ஆகிவிடும். அப்புறம் வெற்றிடத்தில் துத்தநாகத்தை ஆவியாக்கி எடுத்துவிடுவார்கள். மிஞ்சியதை நொறுக்கினால் கார்பைடும் கோபால்ட்டும் பொடியாகத் திரும்பக் கிடைக்கும். இது மூடிய உலையில் செய்கிற ஆலை வேலை, நம் வேலை இல்லை. அந்தச் செலவைத் தாங்க டங்ஸ்டன் விலை இருக்கிறது. உலகத்தில் தோண்டும் டங்ஸ்டனில் நூற்றுக்கு எண்பது அளவு சீனாவில். 2025 பிப்ரவரியில் அவர்கள் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் விலை ஏறியது. கார்பைடை ஆட்டுவது எது என்று ஜூன் 3இல் விட்டுவைத்த கேள்விக்கு இதுதான் பதில். ஏற்றியவர்கள் இறக்கவும் முடியும்.

ஆகஸ்ட் 13

நேற்று முழுக்க இது உறுத்தியது. ஜூலையில் நான் மெச்சிய லேசர் பூச்சும் ஒட்டவைத்த சரக்குதானே? தண்டின் வாழ்நாள் முடிந்து காயலான் கடைக்கு வந்தால் அந்த ஒரு மில்லி பூச்சை யார் பிரிப்பார்கள்? எஃகோடு உலைக்குப் போகும், டங்ஸ்டன் எஃகுக்குள் காணாமல் போகும். அண்ணன் மகனிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "தேய்ஞ்சா கடைஞ்சிட்டு மறுபடி ஏத்துவோம் அத்தை. கடைசில என்ன ஆகுதுன்னு நாங்க பாக்கறதில்ல" என்றான். நேர்மையான பதில். தண்டு இரண்டு மூன்று மடங்கு உழைத்தால் அதுவே லாபம்தான் என்று இப்போதைக்கு வைத்துக்கொள்கிறேன். ஆனால் பொருளைச் செய்கிறவர்கள் அது கடைசியில் எங்கள் கோணிக்கு வரும் என்பதை நினைத்துச் செய்ய வேண்டும். பூச்சு போட்ட தண்டின் முனையில் என்ன பூச்சு என்று நாலு எழுத்து பொறித்தால்கூட எங்களால் தனியாக எடுத்து வைக்க முடியும்.

செப்டம்பர் 7

கொலம்பியாவின் பொகோட்டா. அங்கே குப்பை சேகரிப்போர் நீதிமன்றம் போனார்கள். 2011இல் அரசியல் சாசன நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 2013இலிருந்து கொண்டுவரும் எடைக்கு நகர நிர்வாகம் சேவைக் கூலி கொடுக்க ஆரம்பித்தது, பொருள் விற்ற காசு அதற்கு மேல். முன்னால் நின்ற நோரா படில்லாவுக்கு அதே வருடம் சுற்றுச்சூழலுக்கான கோல்ட்மேன் பரிசு. என் நோட்டின் காலிப் பத்தியை அங்கே நிரப்பியிருக்கிறார்கள்.

நம் நாட்டிலும் காகிதத்தில் இல்லாமல் இல்லை. 2016 திடக்கழிவு விதிகள் உள்ளாட்சிகள் சேகரிப்போரின் அமைப்புகளை அங்கீகரித்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றன. அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக்கொண்டு ஒரு அலுவலகத்துக்கு நான்கு தடவை போயிருக்கிறோம். முதல் தடவை ஆள் இல்லை. இரண்டாவது தடவை மனுவை வாங்கினார்கள். மூன்றாவது தடவை மனு கிடைக்கவில்லை. நான்காவது தடவை, "நீங்க பதிவான சங்கமா?" பதிவு செய்யக் கேட்டால் வேலை ஒப்பந்தம் இருக்கிறதா என்று வேறொரு இடத்தில் கேட்கிறார்கள். எங்கள் பெண்கள் ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் வந்தார்கள்.

2022இல் பிளாஸ்டிக் உற்பத்தியாளர் பொறுப்பு என்று ஒரு ஏற்பாடு வந்தது. கம்பெனிகள் மறுசுழற்சிச் சான்றிதழ் வாங்க வேண்டும். சான்றிதழ் பதிவான ஆலையின் பேரில். பாட்டிலை மணலிலிருந்து எடுத்தவர் அந்தக் கணக்கில் எங்கும் வருவதில்லை. அதே வருடம் நீலகிரியில் மதுப்பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வைத்து விற்று, திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் என்று நீதிமன்றம் செய்ய வைத்தது. அதில் பத்து ரூபாய் பாட்டிலின் கழுத்திலேயே இருக்கிறது, யார் பொறுக்கினாலும் அவருக்கு. எனக்கு இரண்டாவது ஏற்பாடுதான் நியாயமாகப் படுகிறது.

அக்டோபர் 12

விடியா டப்பா நிறைந்தது. ஜூனிலிருந்து ஐந்து பட்டறைத் தரையில் சேர்ந்தது. காக்காவிடம் கொடுத்தோம். ஒரு டிபன் டப்பா அளவு சரக்குக்கு, ஒரு மாதம் முழுக்கச் சேர்த்த பாட்டிலுக்குக் கிடைப்பதைவிடக் கூடுதலாக வந்தது.

அன்றைக்கு ராத்திரியே சண்டையும் வந்தது. பட்டறைக்குப் போகிற மூன்று பேர், நாங்கள் கொண்டுவந்தது எங்களுக்குத்தான் என்றார்கள். தெரு கூட்டுகிறவர்கள், துணியை அலசிக் கிழித்தது நாங்கள், துணி இல்லாமல் பட்டறை வாசலில் யார் உங்களை விட்டிருப்பார்கள் என்றார்கள். இரண்டும் நியாயம். முழுவதையும் பொது நிதியில் போடலாம் என்று நான் சொன்னேன். அக்கா என் முகத்தைப் பார்த்து, "நீ கணக்கு எழுதுற, சுருளுக்குள்ள கைவிட்டது அவளுக" என்றார். கையைக் காட்டச் சொன்னார். மூன்று பேர் விரலிலும் சுருள் கிழித்த கோடுகள். முடிவு இப்படி: கொண்டுவருகிறவருக்கு அன்றன்றே இரும்பு விலையைப் போல் இரண்டு மடங்கு கையில். மிச்சம் பொது நிதிக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரைக்குப் போக முடியாத நாட்களில் எல்லோருக்கும் சமமாகப் பிரிப்பது. என் யோசனையைவிட இது நல்ல முடிவு. கையுறை வாங்கும் செலவையும் அதிலேயே சேர்த்தோம்.

தொண்டிக்காரருக்கு: விடியா வந்தது, நன்மைதான். ஆனால் ஒரு பட்டறையில் அந்த மாதமே முனைகளை வேறு ஆளுக்குக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். விலை தெரிந்துவிட்டது. பாட்டிலை யாரும் எங்களோடு போட்டி போட்டுப் பொறுக்கப் போவதில்லை. விலையேறிய சரக்கு ஏழைகள் கையில் அதிக நாள் தங்காது. வாசலுக்கு வாசல் போய்ப் பழகிய தெருவை அப்படிச் சுலபமாகப் பறிக்க முடியாது. என் நான்கு வருட நோட்டில், குழு கலையாமல் நின்ற மாதங்கள் எல்லாம் வாசல் கட்டணம் வந்த மாதங்கள்தான்.

அக்டோபர் 19

நாளைக்குத் தீபாவளி. மழை பிடித்துக்கொண்டது. கடற்கரைக்கு யாரும் போகவில்லை.

வாசல் கட்டணத்துக்கு ரசீதுப் புத்தகம் அச்சடித்து வந்துவிட்டது. பேப்பர் கொஞ்சம் மெல்லிசு, கார்பன் வைத்தால் கிழிகிறது, அடுத்த தடவை மாற்ற வேண்டும். மூன்றாவது தெருவில் பதினொரு வீடு சேர்ந்திருக்கிறது, இரண்டு வீடு வேண்டாம் என்றுவிட்டது, ஒரு வீட்டில் பெரியவர் மகனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். வெள்ளிக்கிழமை அக்காவும் நானும் மறுபடி போகிறோம்.